வீட்டுக்காரருக்காக அழுதவள்

புருஷனுக்காக இல்லையாம், வீட்டுக்காரருக்காக அழுதாளாம். சலவைக்கூடத்துக்குள் அந்தப் பேச்சு இப்படித்தான் வந்து சேர்ந்தது. சொன்னவள் நேரில் கேட்டவள் இல்லை. அவளுடைய ஓரகத்தி ஒரு பிறந்தநாள் விருந்தில் கேட்டு வந்து சொன்னது.

ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுத்துத் தேய்த்து மடித்து அனுப்பும் இடம் அது. பெரிய விரிப்பை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று உதறி, இழுத்துப் பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டும். மூக்கோடு மூக்கு முட்டுகிற தூரத்தில் மூலைகள் கைமாறும். ஊர்க்கதையும் அப்போதுதான் கைமாறும்.

"பழைய ஓட்டல்ல அகதிகளைத் தங்க வச்சிருக்காங்களே, அதுல ஒருத்தியாம் அக்கா," என்றாள் எதிரே நின்றவள், முதல் மடிப்பில். இரண்டாவது மடிப்பில், "ஏன் ஊரை விட்டு வந்தேன்னு ஆபீசர் கேட்டா, கட்டின புருஷனைப் பத்திப் பேச்சே இல்லையாம். வீட்டுக்காரரைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு ஒரே அழுகையாம்." மூன்றாவது மடிப்பில் குரல் தாழ்ந்தது. "குடியிருந்த எடத்துல என்ன கூத்தோ, யார் கண்டா."

விரிப்பின் இந்தப் பக்கத்தைப் பிடித்திருந்த துணையக்கா சிரித்தாள். வேலை நேரத்தில் கிடைக்கிற சிரிப்பை யாரும் வீணாக்குவதில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கையில் இருந்த மூலை நழுவி, வெளுத்த விரிப்பு தரையில் விழுந்தது. மேஸ்திரி அந்தக் கோடியிலிருந்து பார்த்தார். விழுந்தது மறுபடி தண்ணீருக்குப் போகவேண்டும்.

"இதை யார் சொன்னது?" என்று கேட்டாள்.

"அதான் சொன்னேனே, ஓரகத்தி."

"அவளுக்கு?"

மருந்துக்கடைக்கு மேலே குடியிருக்கும் அந்த அம்மா. அவருடைய மகள்தான் வீட்டிலிருந்தே போனில் மொழிபெயர்க்கிறாளாம். அன்றைக்கு நடுவில் இருந்து பேசியதும் அவள்தானாம்.

துணையக்காவுக்கு அது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. ஓட்டலில் இருப்பவர்கள் வைத்தது. ஆபீசுக்குப் போகவேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கவேண்டும் என்றால், 'துணைக்கு வர்ற அக்காவைக் கூப்பிடு' என்பார்கள். நாளடைவில் நடுவில் இருந்ததெல்லாம் உதிர்ந்து துணையக்கா ஆகிவிட்டாள். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் "நீங்கள் இவருக்கு யார்?" என்று கேட்பார்கள். "கூட வந்திருக்கேன்," என்பாள் அந்த ஊர் மொழியில். அதற்கு அவர்களுடைய படிவத்தில் கட்டம் கிடையாது.

தைரியசாலி என்று அவளைச் சொல்ல முடியாது. ஆபீஸ் வாசலை மிதித்தாலே வயிறு கலங்கும். ஊரில் எந்த ஆபீசில் கழிப்பறை எந்த மாடியில் இருக்கிறது, எதில் தாழ்ப்பாள் விழாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் தனியாக ஒரு நாள் முழுக்கத் தப்பான வரிசையில் நின்றுவிட்டு, சன்னல் அடைத்த பிறகு வீடு திரும்பியவள் அவள். பின்னொரு நாள் பஸ்ஸில் ஒரு ஆள் ஒரு துண்டுச்சீட்டை எல்லோரிடமும் நீட்டிக்கொண்டே வந்தார். ஒருவரும் வாங்கவில்லை. அவளும் முதலில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு என்ன தோன்றியதோ, அவரோடு இறங்கினாள். அதுவும் தப்பான நிறுத்தத்தில். இரண்டு பேருமாக மழையில் அலைந்து அந்த ஆபீசைக் கண்டுபிடித்தார்கள். அன்று ஆரம்பித்தது.

ஓட்டலை அகதிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று அக்கம்பக்கத்தார் கூட்டம் போட்டபோது, பேசுவதற்கு நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனாள். மைக்கைப் பிடித்ததும் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. "அவங்க குப்பைத்தொட்டியைச் சரியான கிழமையில வெளியே வைக்கிறாங்க. நான் பார்த்திருக்கேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் சிரித்தது. சிரித்த பிறகு பழைய வேகத்தில் யாராலும் கத்த முடியவில்லை. அவள் கணவர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். பஸ் ஓட்டுகிறவர். ஊருக்கெல்லாம் துணை, கட்டினவனுக்கு மட்டும் நேற்று வைத்த குழம்பு என்பார்.

இப்போது அவள் துணை போய்க்கொண்டிருப்பது மைக் செட்காரரின் மனைவிக்கு. தன் ஊரில் அவள் கணவர் மைக் செட், விளக்கு, நாற்காலி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். ஒரு கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டினார். பேசியவர்கள் தப்பித்துவிட்டார்கள். கம்பத்தில் ஏறி ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. வீட்டுக் கதவை இரண்டு தரம் உடைத்தார்கள். மூன்றாம் தரத்துக்குக் காத்திராமல் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள்.

விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. யாரைப் பிடித்துப் போனார்கள் என்ற முக்கியமான விஷயத்தையே மாற்றிச் சொல்கிறாள் என்பதுதான் காரணம். முதல் விசாரணையில் வீட்டு உரிமையாளர் என்றாளாம், இரண்டாவதில் கணவர் என்றாளாம். அதைக் கேட்டதும் மைக் செட்காரர் மனைவி திகைத்துப்போனாள். "உரிமையாளரா? நாங்க இருந்தது சொந்த வீடுக்கா. நான் எதுக்கு ஓனரைப் பத்திப் பேசப்போறேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். வக்கீலுக்கும் விடை தெரியவில்லை. பயத்தில் உளறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். துணையக்காவும், வாயைத் திறந்து சொல்லவில்லையே தவிர, அப்படித்தான் நினைத்தாள். தள்ளுபடி உத்தரவு அந்த ஊர் மொழியில் இருந்தது. அதிலிருந்த சொல் தமிழில் அவள் காதுக்குள் 'ஓனர்' என்றே விழுந்தது. 'வீட்டுக்காரர்' என்று ஒருபோதும் விழவில்லை.

மேல்முறையீடு மறுநாள் காலை. அதில் தோற்றால் தாயும் மகளும் திரும்பிப் போகவேண்டும், கதவை உடைத்தவர்கள் இருக்கும் இடத்துக்கே.

சாப்பாட்டு இடைவேளையில் துணையக்கா வக்கீலின் அறைக்கு ஓடினாள். வக்கீல் அந்த ஊர்ப் பெண்மணி. கேட்கும்போது எதிரே இருப்பவரின் வாயையே பார்க்கிற பழக்கம் உள்ளவர். ஒரே சொல்லுக்குக் கணவர் என்றும் பொருள், வீட்டுச் சொந்தக்காரர் என்றும் பொருள் என்று துணையக்கா விளக்கியபோது, எது எதென்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார். வாடகை கேட்டால் சொந்தக்காரர், சோறு கேட்டால் கணவர் என்றாள் இவள். வக்கீல் சிரித்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை என்று இவளுக்குத் தெரியும்.

முதல் விசாரணை போனில் நடந்தது. ஒலிப்பதிவு கிடையாது. அதிகாரி தட்டச்சு செய்ததுதான் சாட்சி. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்று எந்த அகராதியும் சொல்லிவிடும். ஆனால் அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்தது அந்தச் சொல்தான் என்று சொல்ல இந்த ஊரில் ஒரு ஜோடிக் காதுதான் இருக்கிறது. அது இல்லாமல் போய் நின்றால், விசாரணைக்கு முந்தின நாள் வசதியாக ஒரு சொல்லைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறீர்கள் என்பார்கள். வக்கீல் இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டு, இது உங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்று கேட்டார்.

ஊர்ப்பேச்சு என்றாள் துணையக்கா.

அப்படியானால் மொழிபெயர்த்தவர் ரகசியத்தை வெளியே பேசியிருக்கிறார் என்றார் வக்கீல். அதை எடுத்துச் சொன்னாலே அந்த நபரைக் கூப்பிட்டு விசாரித்தாக வேண்டும். பெயர் தெரியுமா?

தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. அந்தப் பெண் சின்ன வயதில் பள்ளிச் சீருடையில் மருந்துக்கடைப் படியேறுவதைப் பல தடவை பார்த்தவள் துணையக்கா. முதலில் அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

மருந்துக்கடைக்கு மேலே போகும் படி குறுகலானது. சாயங்காலம் அவள் ஏறியபோது கதவைத் திறந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "வாங்கக்கா, அதிசயமா இருக்கே," என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். தண்ணீர் வந்தது. யார் யாருக்கு என்ன உடம்பு என்று நலம் விசாரிப்பு நடந்தது. துணையக்கா தண்ணீரைக் குடிக்காமல் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னாள். மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது.

"நான் சும்மா சிரிக்கத்தான் சொன்னேன்," என்றார் அந்த அம்மா. "அதுல யார் பேரும் சொல்லலையே."

பேச்சுக் குரல் கேட்டு மகள் உள்ளறையிலிருந்து வந்தாள். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. அந்தப் பெண்ணைப் பற்றித் தாழ்வாகச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தும், விடுமுறை நாள் வகுப்புகளுக்கு அழுதுகொண்டே போய்த் தமிழ் படித்தவள். எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள். எதிரே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அந்த அழைப்பு நினைவிருக்கிறதா என்று கேட்டதற்கு உடனே தலையாட்டினாள்.

"மறக்கவே முடியலை ஆன்ட்டி. லைன் விட்டு விட்டு வந்துச்சு. அவங்க அழுதுட்டே இருந்தாங்க. ஹவுஸ் ஓனருக்காக யாராவது இப்படி அழுவாங்களான்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதான் அம்மாகிட்ட சொன்னேன்."

"அவங்க சொன்ன வார்த்தை என்னம்மா? அதே வார்த்தை?"

"வீட்டுக்காரர். அப்புறம் என்ன வேலை பண்றார்னு கேட்டதுக்கு, வாடகைக்கு விடுறவர்னு சொன்னாங்க. நடுவுல வேற என்னமோ சொன்னது விழலை." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஹவுஸ் ஓனர்தானே ஆன்ட்டி?"

துணையக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்த அம்மா எழுந்துவிட்டார். இந்தப் பேச்சு எங்கே போய் முட்டும் என்று அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். வந்தவளைக் கிளப்பிவிடுவதே குறியாக, "அக்கா தப்பா நினைக்காதீங்க, எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம்," என்றார்.

மகள் சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள். அவளிடம் பேசும்போது அம்மா எப்போதும் 'உங்கப்பா' என்றுதான் சொல்வார். வெளியாட்களிடம் பேசும்போது அவர் என்ன சொல்கிறார் என்று எந்தப் பிள்ளை காது கொடுத்துக் கேட்கிறது? அவள் அறிந்த வீட்டுக்காரர், மாதம் பிறந்தால் கீழே வந்து நின்று அழைப்புமணி அடிக்கிறவர்தான். சொன்ன வார்த்தை தன் வாயிலேயே நிற்பதை ஒரு மூச்சுக்குப் பிறகு அம்மாவும் கண்டுகொண்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகள் அவரிடம் ஓனர் என்றுதான் சொல்லியிருந்தாள். அதை வீட்டுக்காரர் ஆக்கி விருந்தில் விட்டவர் அவர். முதலில் தொலைந்துபோன சொல் இப்படித்தான் தன் பழைய உருவத்திலேயே சலவைக்கூடம் வரை வந்திருந்தது.

"நான்தான்," என்றாள் மகள். "என்னாலதான்."

நடந்தது இருக்கட்டும், நாளைக்கு வந்து இதை ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள் துணையக்கா. வர முடியாவிட்டால் போனில் சொன்னாலும் ஏற்பார்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் விரல்கள் ஹெட்போன் ஒயரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தன. வேலைக்குச் சேரும்போது கேட்டதை வெளியே பேசமாட்டேன் என்று உறுதிமொழி கொடுத்திருக்கிறாள். தப்பு செய்ததைக்கூட மன்னிப்பார்கள், பேசியதை மன்னிக்கமாட்டார்கள்.

"அக்கா," என்றார் அம்மா. இந்தத் தடவை குரலில் உபசாரம் இல்லை. "நாங்களும் இன்னும் இங்க நிரந்தரம் ஆகலை. இவ அப்பாவுக்கு முதுகு போனதுலேர்ந்து இவ வேலையைக் காட்டித்தான் எழுதிப் போட்டிருக்கோம். இவ வேலை போனா எங்க நாலு பேரையும் எந்த ஓட்டல்ல வைப்பாங்க? அப்ப எங்களுக்கும் துணைக்கு வருவீங்களா?"

அந்தக் கேள்வியில் குத்தல் இருந்தது. ஆனால் பொய் இல்லை. வேறு யாராவது இப்படி மடக்கியிருந்தால் துணையக்கா எழுந்து வந்திருப்பாள். எழ முடியவில்லை.

"உன் பேரை நானா சொல்லமாட்டேம்மா," என்றாள் கடைசியில், மகளைப் பார்த்து. "நீயா சொன்னாத்தான். ஆனா அந்தப் பொண்ணுக்கும் ஒரு மக இருக்கு. அதையும் யோசி."

"காலைல கூப்பிடுங்க ஆன்ட்டி," என்றாள் அவள். "எடுக்கிறேன்."

வாக்குக் கொடுத்தது சரியா தப்பா என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. வீட்டில் கணவர் முழுக்கதையையும் கேட்டார். எப்போதும் போலக் கிண்டல் ஒன்று வரும் என்று எதிர்பார்த்தாள். அவர் பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ரெண்டு வீட்டு அடுப்பும் உன் வாயில இருக்கு. இனிமே அந்த மொழிபெயர்ப்புப் பொண்ணு வீட்டுக்குப் போகாதே. பயத்துல இருக்கிறவங்களை ரெண்டாவது தடவை பார்த்தா மெரட்டுற மாதிரி ஆயிடும்," என்றார். அது அவளுக்கும் தோன்றியதுதான். ஆனாலும் இன்னொரு தடவை போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுதான் செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தாள்.

காலையில் சலவைக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஓட்டல் வாசலுக்குப் போனாள். மைக் செட்காரர் மனைவி தலையைப் படிய வாரி, யாரோ கொடுத்த கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். மகளைப் பள்ளியில் விட்டாயிற்று. பஸ்ஸில் உட்கார்ந்ததும் துணையக்கா அவளிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, மொழிபெயர்க்கும் பெண்ணுக்குப் போன் செய்தாள். மணி போய் ஓய்ந்தது. இன்னும் எழுந்திருக்கமாட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இறங்கும்போது மறுபடி. அப்போதும் ஓய்ந்தது. விசாரணைக் கட்டிடத்தின் வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பேனாக்கள், பிஸ்கட், மாற்றுக் காலுறை எல்லாம் மேசைமேல் வந்தன. காவலாளி அவளைத் தெரிந்தவர். இன்றைக்கு யாருக்கு என்று கேட்டார். அவள் பின்னால் நின்றவளைக் காட்டினாள். கழிப்பறை இரண்டாம் மாடியில், இடது கைப்பக்கம். போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மேல்மாடி நடையில் பெஞ்சுகள் சுவரோடு திருகப்பட்டிருந்தன. வக்கீல் வந்தார். என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டார். இன்னும் எடுக்கவில்லை என்றாள் துணையக்கா. உள்ளே போவதற்குள் அந்த நபர் போனில் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் பெயரையாவது கொடுங்கள், அவரை விசாரணைக்கு அழைக்கும்படி கேட்டுப் பார்க்கிறேன் என்றார் வக்கீல். இரண்டும் இல்லையென்றால்? வக்கீல் அறைக்கதவின் பக்கம் பார்த்தார்.

மைக் செட்காரர் மனைவிக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் முகங்களைப் படித்திருந்தாள். துணையக்காவின் முழங்கையைத் தொட்டாள்.

"அந்தப் பொண்ணு வந்து சொன்னா, அதுக்கு வேலை போயிடுமாக்கா?"

போகலாம் என்றாள் துணையக்கா. இவளிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

அவள் கோட்டின் கடைசிப் பொத்தானைத் திருகினாள். "நான் அவர் பேரைச் சொல்லியிருக்கணும். வாயில வரலை. கல்யாணமான நாள்லேர்ந்து சொன்னதில்லை." பிறகு, யாரிடம் கேட்கிறோம் என்பதே மறந்தவள்போல, "பேரைச் சொல்லியிருந்தா இவ்வளவும் இல்லை, இல்லக்கா?" என்றாள்.

என் நாக்கில் ஒரு பெயர் இருக்கிறதே, அதை நான் என்ன செய்வது என்று துணையக்கா கேட்கவில்லை. அறைக்கதவு திறந்தது. கோப்புகளோடு வந்த பெண் ஒரு எண்ணை வாசித்தாள். அது அவர்களுடைய எண் இல்லை. அடுத்தது உங்களுடையதுதான் என்று அவளே சொல்லிவிட்டு உள்ளே போனாள். வக்கீல் எழுந்து நின்றார். தம் கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என்ன சொல்லட்டும் என்று கேட்டார்.

ஒரு நிமிஷம் என்றாள் துணையக்கா. நடையின் கோடியிலிருந்த சன்னலுக்குப் போனாள். கீழே சாலையில் பஸ்கள் வந்து நின்று நின்று போயின. அவற்றில் ஒன்றிலிருந்து அந்தப் பெண் இறங்கிவிடமாட்டாளா என்று பார்த்தாள். கிழவர் ஒருவர் இறங்கினார், பள்ளிப் பிள்ளைகள் இறங்கினார்கள். போனை எடுத்தாள். மொழிபெயர்க்கும் பெண்ணின் எண்ணை மறுபடி அழுத்திக் காதில் வைத்தாள்.

மணி போயிற்று. எங்கோ ஒரு உள்ளறையில், மேசைமேல், அந்தப் பெண்ணின் கைக்கு எட்டுகிற தூரத்தில் அது அடித்துக்கொண்டிருக்கும். அவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பக்கத்தில் அம்மா நிற்கலாம்.

பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை வாசித்தது அவர்களுடைய எண். வக்கீல் அவள் பெயரைச் சொல்லி அழைத்தார். துணையக்கா திரும்பவில்லை. போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.